42 பேர் போனோம்... 42 பேர் வந்தோம்!

'மச்சி, செமஸ்டர் முடியறதுக்குள்ள எங்கயாச்சும் ஒரு டூர் போயே ஆகணும்டா!'

கேன்டீனில் பாதி சமோசாவைக் கையில் வெச்சுக்கிட்டு யாராவது ஒருத்தர் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அடுத்த அஞ்சு நிமிஷத்தில் ஊட்டி, கொடைக்கானல், கோவானு ஒரு ரவுண்டு சுத்தி வந்து, பட்ஜெட், வீட்டு பர்மிஷன், ஹாஸ்டல் கேட் டைம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்ததும், 'காலையில போய் ராத்திரி திரும்பற மாதிரி தீம் பார்க் போயிடலாம்'னு ஒருமனதா தீர்மானம் நிறைவேறும். கைதட்டல், விசில் எல்லாம் முடிஞ்சு, 'சரி, யாரு ஏற்பாடு பண்றது?'னு கேட்டதும் எல்லார் பார்வையும் ஒரே ஆள் மேல திரும்பும்.

அந்த ஆள் நீங்கதானா? கையைக் கொடுங்க. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

தீம் பார்க் டூர்னா டிக்கெட் எடுக்கணும், பஸ் பிடிக்கணும், அவ்வளவுதானேனு நினைப்பீங்க. அதெல்லாம் ஒரு வாரத்து வேலை. உண்மையான வேலை வேற ஒண்ணு இருக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

அந்தக் காய்ச்சல்!

எங்க செட்டும் இப்படித்தான் ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்புச்சு. லிஸ்ட்ல 42 பேர். காலையில பஸ் ஏறும்போது ஒருத்தன் மட்டும் வரலை. போன் பண்ணினா, 'காய்ச்சல்டா, நீங்க போயிட்டு வாங்க'னான். 'சரியான சொதப்பல் பார்ட்டி'னு நாலு வார்த்தை திட்டிட்டுக் கிளம்பிட்டோம். நாள் பூரா ஆட்டம். சாயங்காலம் திரும்பினதும், எங்கள்ல நாலு பேர் ஒரு சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷனுக்குப் போனோம். பந்தியில உக்காந்தா, கேட்டரிங் யூனிஃபார்ம் போட்டு, கையில ரசவாளியோட வர்றான் நம்மாளு! எங்களைப் பார்த்ததும் ஒரு செகண்ட் நின்னான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி, 'ரசம் சாதத்துக்கா, கையிலயா?'னு கேட்டான்.

அவன் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்கலை. அந்த டூர் போட்டோவை இன்னிக்கு எடுத்துப் பார்த்தாலும், அதுல இருக்கிற 41 பேரை விட இல்லாத அந்த ஒருத்தன்தான் கண்ணுக்குத் தெரியறான்.

அதனாலதான் சொல்றேன், டூர் ஆர்கனைசரோட முதல் வேலை டிக்கெட் எடுக்கறது இல்லை. 'காய்ச்சல்'னு ஒருத்தர் பொய் சொல்ல வேண்டிய நிலைமையை வரவிடாம பார்த்துக்கறதுதான். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்!

எங்கே போகலாம்?

நம்ம அப்பா, அம்மா காலத்துல சென்னையில தீம் பார்க்னா வி.ஜி.பி.தான். கண் இமைக்காம நின்ன சிலை மனிதனைச் சிரிக்க வைக்க அவங்க பண்ணின கோமாளித்தனத்தை வீட்டுல கேட்டுப் பாருங்க, செம காமெடியா இருக்கும். 1995-ல் தாம்பரம் பக்கத்துல 'கிஷ்கிந்தா' வந்துச்சு. 'மை டியர் குட்டிச்சாத்தான்'னு இந்தியாவோட முதல் 3டி படத்தை எடுத்த அதே நவோதயா அப்பச்சன் ஆரம்பிச்சது. இதோ, 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் 'வொண்டர்லா' திறந்தாச்சு. 2000-ல் கொச்சியில 'வீகாலேண்ட்'ங்கிற பேர்ல ஆரம்பிச்ச பார்க்தான் பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர்னு சுத்திட்டு இங்கே வந்திருக்கு. கோவைக்காரங்களுக்கு மேட்டுப்பாளையம் மலையடிவாரத்துல 'பிளாக் தண்டர்', மதுரைக்காரங்களுக்கு பரவை பக்கம் 'அதிசயம்'.

எது 'பெஸ்ட்'னு சண்டை போடாதீங்க. மூணே கேள்விதான். ஒரு வழிப் பயணம் 2 மணி நேரத்துக்குள்ள முடியுமா? செட்ல இருக்கிற எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? மாடி ஏற முடியாத, வீல் சேர்ல வர்ற நண்பர் இருந்தா, அவங்க எந்தெந்த ரைடுல ஏறலாம்? மூணாவது கேள்வியை முன்னாடியே பார்க்குக்கு போன் போட்டுக் கேட்டுடுங்க. வாசல்ல போய் நின்னுக்கிட்டு கேட்டா, பதில் என்னவா இருந்தாலும் அந்த நண்பரோட முகம்தான் வாடும்.

முகூர்த்த நாள் பாருங்க!

டூருக்கு எதுக்கு முகூர்த்தம்னு கேக்கறீங்களா? அந்த நாளைத் தவிர்க்கறதுக்குத்தான்! நம்ம காலேஜ்ல படிக்கிற எத்தனையோ பேருக்கு முகூர்த்த நாள்ங்கிறது சம்பள நாள். பந்தி பரிமாறப் போறவங்க, மேடை அலங்காரத்துக்குப் போறவங்க, வீடியோகிராஃபருக்கு லைட் பிடிக்கப் போறவங்கனு பெரிய லிஸ்டே இருக்கு. முகூர்த்த ஞாயித்துக்கிழமையில டூர் வெச்சா, அவங்களுக்கு டூர் காசும் செலவு, அன்னிக்குச் சம்பளமும் போச்சு. டபுள் அடி!

பெஸ்ட் சாய்ஸ், ஆடி மாசம். ஜூலை நடுவிலேர்ந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. செமஸ்டர் எக்ஸாம் டென்ஷனும் இன்னும் ஆரம்பிச்சிருக்காது. ஆடித் தள்ளுபடியில தண்ணியில போட்டுக்க நைலான் டி-ஷர்ட்டும் வாங்கிக்கலாம்! கூடவே ஒரு வேலை நாளாப் பாருங்க. பல பார்க்குகள்ல சனி, ஞாயிறை விட வேலை நாள்ல டிக்கெட் குறைவு, கியூவும் குறைவு. ஹெச்.ஓ.டி.கிட்ட அனுமதி வாங்கறது உங்க சாமர்த்தியம் பாஸ்.

காசு, பணம், துட்டு...

வாங்க, கணக்குப் போடுவோம். எண்கள் சும்மா உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் ரேட்டை விசாரிச்சு மாத்திக்கங்க.

டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து பஸ் வாடகை 16,800 ரூபாய்னு வெச்சுக்குவோம். 42 பேருக்கு ஆளுக்கு 400. டிக்கெட் 1,000 (வரியோட சேர்த்தானு கேட்டுக்கங்க!). மதியச் சாப்பாடு 250. காலை டிபனும் தண்ணியும் 60. லாக்கர் பங்கு 40. ஆக மொத்தம் 1,750.

இப்போ கடைசி நேரத்துல ஏழு பேர் கழண்டுக்கிட்டா? டிக்கெட் செலவு குறையும். ஆனா, பஸ்காரர் குறைப்பாரா? மாட்டார். 35 பேரும் பஸ்ஸுக்கு 480 கொடுக்கணும். அதுக்கு மேல, குழுவுக்கான தள்ளுபடிக்கு இத்தனை பேர் வேணும்னு பார்க்ல ஒரு கணக்கு இருந்தா, அதுவும் கைநழுவிப் போகும். அதனால ஒருத்தர் வராம போறது எல்லார் பாக்கெட்டையும் தொடற சமாச்சாரம்.

இப்போ நம்ம ஐடியா. தலைக்கு 1,750-க்குப் பதிலா 1,850-னு அறிவிச்சுடுங்க. கூடுதல் 100 ரூபாய் பொது உண்டியலுக்கு. 40 பேர் கட்டினா 4,000 சேரும். ரெண்டு பேரோட முழுச் செலவும், அதாவது 3,500, அதுலயே அடங்கிடும். மிச்சம் 500 மருந்து, அவசரத்துக்கு. யாருக்கும் பாரம் தெரியாது, யாரும் விட்டுப் போகவும் வேண்டாம்.

மொத்தமா ஒரே நாள்ல கேக்காதீங்க. வாரம் 370 வீதம் 5 வாரம்னு பிரிச்சுட்டா 1,850 கணக்கு சரியா முடிஞ்சிடும். ஒரேயடியா 1,850-னா மலைப்பா இருக்கிற வீட்டுல 370 பெரிசாத் தெரியாது.

முக்கியமான விஷயம், பொருளாளர் ரெண்டு பேர் போதும். ஒரு பையன், ஒரு பொண்ணு. வரவு செலவை வாட்ஸப் குரூப்ல போடுங்க, தப்பே இல்லை. ஆனா, 'இன்னும் கட்டாதவர்கள்'னு ஒரு லிஸ்ட் போடுவாங்க பாருங்க, அதை மட்டும் போடவே போடாதீங்க! அந்த லிஸ்ட்ல பேர் வந்த அடுத்த நிமிஷம்தான் 'காய்ச்சல்' வரும். தனியா கூப்பிட்டு, 'உன் பங்கு செட்டில் ஆயிடுச்சுடா, ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டு வந்துடு'னு சொல்லுங்க. எப்படினு அவன் கேக்க மாட்டான். நீங்களும் சொல்ல வேண்டாம். அந்த ரெண்டு பேர் யாருங்கறது பொருளாளர்களைத் தாண்டி வெளியே போகவே கூடாது. உங்க நெருங்கின ஃப்ரெண்டுக்குக்கூட!

அம்மாவுக்கு ஒரு லெட்டர்

காசுக்கு அடுத்து 'காய்ச்சல்' வர்ற இடம் வீட்டு பர்மிஷன். குறிப்பா நம்ம தோழிகளுக்கு. 'டூர் போறேன்மா'னு ஒத்தை வரியில சொன்னா, எந்த அம்மாவும் பத்து கேள்வி கேக்கத்தான் செய்வாங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே பதிலை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க. எங்கே போறோம், எத்தனை மணிக்குக் கிளம்பறோம், எத்தனை மணிக்குத் திரும்பறோம், பஸ் நம்பர், கூட வர்ற சார், மேடம் பேர், அவசரத்துக்கு ரெண்டு போன் நம்பர். கண்டிப்பா ஒரு மேடம் கூட வரணும். ராத்திரி திரும்பினதும் யார் யாரை எங்கே இறக்கி விடறது, யார் வீடு வரைக்கும் துணைக்குப் போறதுங்கறதையும் எழுதிடுங்க. ஹாஸ்டல் மாணவிகளுக்கு வார்டன்கிட்ட முன்னாடியே லேட் என்ட்ரி பர்மிஷன்.

போட்டோ விஷயத்துல ஒரு சட்டம் போடுங்க. தண்ணியில இருக்கும்போது யாரையும் அவங்க சம்மதம் இல்லாம படம் எடுக்கக் கூடாது. எடுத்த படத்தைக் கேக்காம ஸ்டேட்டஸ்ல போடக் கூடாது. 'சும்மா ஜாலிக்கு'னு நீங்க போட்ட ஒரு ஈர டிரெஸ் போட்டோ, ஒரு தோழியோட படிப்பையே வீட்டுல கேள்விக்குறியாக்கலாம். இதை பஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே, எல்லார் முன்னாடியும், பசங்களே எழுந்து சொல்லணும். அப்பதான் அதுக்கு மரியாதை!

டிரைவர் அண்ணன் தூங்கினாரா?

பஸ் புக் பண்ணும்போது ஏ.சி. இருக்கா, பாட்டு சிஸ்டம் இருக்கானு கேக்கறோம். முதல்ல கேக்க வேண்டியது வேற. பெர்மிட், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் நடப்புல இருக்கா? முந்தின நாள் ராத்திரி இதே டிரைவர் வேற சவாரி ஓட்டிட்டு வர்றாரா? ரெண்டாவது கேள்விக்கு 'ஆமா'னு பதில் வந்தா, வேற டிரைவரைக் கேளுங்க. வெட்கப்படவே வேண்டாம்.

நாம உள்ளே ஆடிக்கிட்டிருக்கிற எட்டு மணி நேரம், அவருக்குப் படுக்க ஒரு நிழல், நாம சாப்பிடற அதே சாப்பாடு. இதுக்கு ஒருத்தரைப் பொறுப்பாப் போடுங்க. ராத்திரி நம்ம 42 பேரையும் வீடு கொண்டு சேர்க்கப் போறவர் அவர்தான். ஓடற பஸ்ஸுல படிக்கட்டுல தொங்கறது, டிரைவர் சீட் பக்கத்துல கும்பலா நின்னு ஆடறது ரெண்டுக்கும் தடா!

உள்ளே போயாச்சு... அப்புறம்?

கேட் திறக்கும்போதே வாசல்ல நில்லுங்க. முதல் வேலை, பெரிய ரோலர் கோஸ்டர். எல்லாரும் முதல்ல லாக்கர், சாப்பாடுனு அலையற நேரத்துல அங்கே கியூ சின்னதா இருக்கும். தண்ணி விளையாட்டெல்லாம் வெயில் ஏறின பிறகு. ஈரத்தோட திரும்ப டிரை ரைடு பக்கம் போறது அவஸ்தை. பல பார்க்குகள்ல தண்ணியில இறங்க நைலான், பாலியஸ்டர் டிரெஸ்தான் போடணும், காட்டன் கூடாது. வெளிச் சாப்பாட்டையும் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டாங்க. அதனால இட்லி, மிளகாய்ப் பொடி, எலுமிச்சை சாதம் எல்லாம் பஸ்லயே காலி பண்ணிடுங்க. ஆனா வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு சுத்தற ரைடுல ஏறினா, பக்கத்து சீட்காரர் பாவம்!

ஒரு சின்ன சயின்ஸ். பெரும்பாலான ரோலர் கோஸ்டர் வண்டியில எஞ்சின் கிடையாது. சங்கிலி அதை முதல் மேட்டு உச்சிக்கு இழுத்துட்டுப் போய் விட்டுடும். அதுக்கப்புறம் எல்லாம் புவியீர்ப்புதான். அதனாலதான் முதல் மேடே எல்லாத்தையும் விட உயரம். இறங்கும்போது சீட்டும் நம்மோட சேர்ந்து விழறதால, அது நம்மளைத் தாங்கறது குறைஞ்சு வயித்துக்குள்ள 'ஜிவ்'னு பறக்குது. அந்த நேரத்துல நம்மளைப் பிடிச்சு வெச்சிருக்கிறது மடி மேல இறங்கற அந்தக் கம்பிதான். அதைத் தளர்த்திக்கிட்டு எழுந்து நின்னு கெத்து காட்டறவங்க செட்ல இருந்தா, அடுத்த ரைடுல அவங்களை ஏத்தாதீங்க.

கோ-கார்ட் ஓட்டறவங்க இன்னும் உஷார். முடி சக்கரத்துல சிக்கி நம்ம நாட்டுலயே உயிர் போயிருக்கு. முடியைக் கொண்டையாக் கட்டி ஹெல்மெட்டுக்குள்ள வைங்க. துப்பட்டாவை லாக்கர்ல விட்டுட்டுப் போங்க.

தண்ணியில போன் இருக்காது. அதனால பழைய ஸ்டைல்தான்! நாலு நாலு பேரா கூட்டணி. ஒருத்தரை விட்டு ஒருத்தர் எங்கேயும் போகக் கூடாது. காலையிலயே ஒரு இடத்தைக் குறிச்சுக்கங்க. ஒரு மணிக்கு அங்கே தலை எண்ணிக்கை, நாலு மணிக்கு மறுபடி. ஆளுக்கொரு நம்பர் கொடுத்து வரிசையா சொல்லச் சொல்லுங்க. 27-க்கு அப்புறம் 29 கேட்டா, 28 எங்கேனு தேட ஆரம்பிச்சுடலாம்.

பயப்படறவங்களும் நம்ம செட்தான்!

'எனக்கு உயரம்னா பயம்'னு ஒருத்தர் சொன்னதும் நாம என்ன பண்றோம்? ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வைக்கறோம். கலாய்க்கறோம். அவங்க சொன்னது பாதி உண்மையா இருக்கலாம். வெளியே சொல்ல முடியாத மீதி, இதயக் கோளாறாவோ, வலிப்பாவோ, முதுகு ஆபரேஷனாவோ, மாசாந்திர நாளாவோ இருக்கலாம். ஒவ்வொரு ரைடு வாசல்லயும் யார் யார் ஏறக் கூடாதுனு போர்டு வெச்சிருப்பாங்க. அதைப் படிக்க டைம் கொடுங்க. 'வேணாம்'னு ஒரு தடவை சொன்னா, விட்டுடுங்க. காரணம் கேக்காதீங்க.

உடம்பு விஷயம் ஏதாவது இருந்தா, கூட வர்ற மேடம்கிட்டயோ சார்கிட்டயோ மட்டும் முன்கூட்டியே தனியா சொல்லிடுங்கனு அறிவிச்சுடுங்க. ரைடு ஏறாதவங்களை 'பேக் காவல்'க்கு உக்கார வெச்சுட்டுப் போற பழக்கத்தையும் விடுங்க. முறை போட்டு மாத்தி மாத்தி உக்காருங்க. அவங்களும் அதே டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்காங்க!

'அண்ணே, பத்து நிமிஷம் பீச்சுல...'

இப்போ சொல்றதை ரெண்டு தடவை படிங்க. டூர்ல பெரிய ஆபத்து பார்க்குக்குள்ள இல்லை. திரும்பற வழியில இருக்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில பஸ் வரும்போது, பின் சீட்லேர்ந்து ஒரு குரல் வரும். 'அண்ணே, பத்து நிமிஷம் பீச்சுல நிறுத்துங்கண்ணே!' எல்லாரும் களைச்சுப் போயிருப்பாங்க. வெளிச்சம் மங்கியிருக்கும். நாள் பூரா பார்க்ல அலை குளத்துல ஆடின தைரியம் இருக்கும். ஆனா அலை குளத்துல பட்டனை அமுக்கினா அலை நிக்கும், மேடையில லைஃப்கார்டு இருப்பார். கடல்ல ரெண்டும் கிடையாது. கரையைத் தொட்ட தண்ணி, வாய்க்கால் மாதிரி ஒரு இடத்துல சேர்ந்து உள்ளே திரும்பும் பாருங்க, அந்த இழுப்பு முழங்கால் ஆழத்துல நிக்கறவங்களையே சாய்ச்சுடும். ஒருத்தரைக் காப்பாத்தப் போய் அடுத்தடுத்து நண்பர்கள் போன செய்தியை எத்தனை தடவை படிச்சிருக்கோம்!

பெசன்ட் நகர் பீச்சுல நாம எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கற அந்த வெள்ளை வளைவு, கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30-ந் தேதி, கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தற முயற்சியில உயிரைக் கொடுத்தவர் அவர். அடுத்த தடவை அங்கே போனா ஒரு நிமிஷம் அந்தக் கல்வெட்டைப் படிங்க.

அதனால பீச் ஸ்டாப் வேணும்னா, காலையிலயே திட்டத்துல சேர்த்து, மணல்ல உக்காந்து சுண்டல் சாப்பிடறதோட முடிச்சுக்கங்க. தண்ணியில கால் வைக்கக் கூடாது. திட்டத்துல இல்லைனா, யார் கெஞ்சினாலும் பஸ் நிக்கக் கூடாது. இதை டிரைவர் அண்ணன்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. அப்படியும் யாராவது இழுப்புல மாட்டினா, கரையை நோக்கி நேரா போராட வேண்டாம். மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் கூப்பிடணும், கரைக்கு இணையா பக்கவாட்டுல நகரணும். கரையில இருக்கிறவங்க குதிக்காம, மிதக்கற பொருள் எதையாவது வீசணும். மீனவர்களைக் கூப்பிடணும், 108-க்கு போன் போடணும்.

பையில் இருக்கட்டும்!

காலேஜ் ஐ.டி. கார்டு (சில பார்க்குகள்ல மாணவர் சலுகை உண்டு). மாத்து டிரெஸ், டவல், பிளாஸ்டிக் கவர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பேண்ட்-எய்டு, நாப்கின். ஆஸ்துமா இருக்கிறவங்க இன்ஹேலர். பழைய செருப்பு. ஒரு பேப்பர்ல எழுதின ரெண்டு போன் நம்பர். நகை? வீட்டுலயே இருக்கட்டும், அம்மா தூங்கட்டும்!

கடைசி எண்ணிக்கை

ராத்திரி ஒன்பது மணி. பஸ்ஸுல பாட்டுக்குப் பாட்டு ஓய்ஞ்சு, பாதிப் பேர் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாய்ஞ்சு தூங்கிட்டிருப்பாங்க. ஈர டிரெஸ் வாசனை, மிச்ச மிக்சர் பாக்கெட். நீங்க மட்டும் எழுந்து கடைசியா ஒரு தடவை எண்ணுவீங்க. 40, 41... ஜன்னல் ஓரத்துல நம்பர் 42. இன்னிக்கு 'காய்ச்சல்' வந்திருக்க வேண்டிய ஆள். வாயைப் பிளந்துக்கிட்டு குறட்டை!

அவருக்கு எப்படி டிக்கெட் வந்துச்சுனு பஸ்ஸுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ரெண்டு பேர் சொல்ல மாட்டாங்க. நாளைக்கு குரூப் போட்டோ வரும், அதுல 42 முகமும் இருக்கும். ரசவாளிக்காரன் முன்னாடி தலை குனிஞ்சு உக்கார வேண்டிய நிலைமை, எங்களுக்கு வந்த மாதிரி, உங்க செட்டுக்கு வராது.

சரி, லிஸ்ட்டை எடுங்க. முதல் பேரா யாரை எழுதணும்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

ஹேப்பி ஜர்னி, ஃப்ரெண்ட்ஸ்!